காதுக்கு எல்லாம், வாய்க்குப் பத்து: பிரிட்டன் மருத்துவமனைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு ஸ்லாங் வழிகாட்டி

மதுரையில் நர்சிங் முடித்து, ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, இங்கிலாந்தின் கிழக்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. எண்பதைத் தாண்டிய தாத்தா ஒருவர் காலையில் என்னைக் கூப்பிட்டு, "ஐ ஹேட் எ ஃபன்னி டர்ன், டக்" என்றார். என் காதில் தெளிவாக விழுந்தது 'ஃபன்னி' மட்டும்தான். ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டேன். பக்கத்தில் மருந்து பிரித்துக்கொண்டிருந்த மூத்த நர்ஸ் அதை அப்படியே வைத்துவிட்டு வந்து அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். நன்றாக இறங்கியிருந்தது.

'ஃபன்னி டர்ன்' என்றால் திடீரென்று தலை கிறுகிறுத்து, கண் இருட்டி, மயக்கம் வருவதுபோல ஆவது. இங்கே வயதானவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும் சொல். சாதாரண தலைசுற்றலாகவும் இருக்கலாம், பக்கவாதத்துக்கு முன்னால் வரும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். தாத்தாவுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் சிரித்துவிட்டுப் போனது 11 வருடம் கழித்தும் எனக்கு உறுத்துகிறது.

நர்ஸாக, டாக்டராக, முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராகப் புதிதாக வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். படிக்க வருபவர்களுக்கும் பெரும்பகுதி உதவும். ஐஈஎல்டிஎஸ், ஓஈடி போன்ற தேர்வுகள் நம் ஆங்கிலத்தை நன்றாகவே சோதிக்கின்றன. ஆனால் வலியில் இருக்கும் ஒரு கிழவர் தேர்வு ஆங்கிலத்தில் பேச மாட்டார். 'ஸ்லாங்' என்பதைக் 'கொச்சை' என்று எழுதலாம்தான். நம் காதில் அது கெட்ட வார்த்தை என்று படும் என்பதால் ஸ்லாங் என்றே எழுதுகிறேன்.

ஒரே ஒரு விதி சொல்கிறேன், கீழே வருவதெல்லாம் அதை ஒட்டியதுதான். காதுக்கு எல்லா ஸ்லாங்கும் வேண்டும். வாய்க்குப் பத்துச் சொல் போதும்.

முதல் படி: பள்ளி இலக்கணத்தைத் தூசு தட்டுங்கள்

ஸ்லாங் என்றதும் ஏதோ புதிய மலையை ஏறப்போவதாகப் பயப்பட வேண்டாம். பவணந்தி முனிவர் நன்னூலில் வழக்கை ஆறாகப் பிரித்தது பள்ளியில் படித்திருப்பீர்கள். அதில் நான்கு இங்கே அப்படியே பொருந்துகிறது.

இடக்கரடக்கல்: சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. நம் ஊர்ப் பெரியவர் டாக்டரிடம் "ரெண்டு நாளா வெளிக்குப் போகலை" என்பார். தமிழ் கற்ற வெள்ளைக்காரர் ஒருவர் அதைக் கேட்டால், பாவம், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார் என்றுதான் நினைப்பார். அதே நிலைதான் இங்கே நமக்கு. பாட்டி ஒருவர் "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி" என்றால் அவருக்குச் சிறுநீர் கழிக்கப் போக வேண்டும். முன்பு பொதுக் கழிப்பறைக் கதவு ஒரு பென்னி காசு போட்டால்தான் திறக்கும். அதிலிருந்து வந்த சொல். கடையில் ஏதோ வாங்கக் கேட்கிறார் என்று நினைத்து நீங்கள் நின்றால், படுக்கை நனையும், அவர் கூனிக்குறுகிப் போவார்.

மங்கலம்: இறந்தார் என்பதை "தவறிட்டார்", "சாமிகிட்ட போயிட்டார்" என்கிறோம் இல்லையா? இங்கே "பாஸ்ட் அவே", இப்போதெல்லாம் வெறும் "பாஸ்ட்". உறவினர்களிடம் மென்மையாகப் பேச இது போதும். "பாப்ட் ஹிஸ் க்ளாக்ஸ்", "ஸ்னஃப்ட் இட்", "கிக்ட் தி பக்கெட்" எல்லாமே சாவைத்தான் குறிக்கும், ஆனால் நம்மூரில் "மண்டையைப் போட்டான்" என்பது போன்றவை. குடும்பத்தினர் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளட்டும், நம் வாயிலிருந்து வரவே கூடாது.

குழூஉக்குறி: ஒரு கூட்டத்தார் மற்றவர்களுக்குப் புரியாதபடி தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது நாம் படித்த உதாரணம். லண்டன் ரைமிங் ஸ்லாங்கும், இளைஞர் பேச்சும் இந்த வகை.

அப்புறம் மரூஉ. தஞ்சாவூர் தஞ்சை ஆவதுபோல 'இஸன்ட் இட்' இங்கே 'இன்னிட்' ஆகிறது.

புரியாத சொல் ஒன்று காதில் விழுந்தால் இது எந்த வகை என்று ஒரு நொடி யோசியுங்கள். நோயாளி குரலைத் தாழ்த்திச் சொன்னாரா? இடக்கரடக்கலாக இருக்கும். குடும்பம் அழுதுகொண்டே சொல்கிறதா? மங்கலம். இரண்டு பேர் கண்ணடித்துக்கொண்டே பேசுகிறார்களா? குழூஉக்குறி. பாதி பொருள் அந்த இடத்திலேயே கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஸ்லாங் என்பது கெட்டுப்போன ஆங்கிலம் இல்லை. கூட்டத்தைக் குறிக்கும் 'மாப்' என்ற சொல்லை ஆங்கிலத்தைக் கெடுக்கும் புதுப்பழக்கம் என்று எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1710-இல் கண்டித்து எழுதினார். இன்று அது அகராதி ஆங்கிலம். நாம் தமிழில்கூட நாளுக்கு நூறு முறை சொல்லும் 'ஓகே', 1839-இல் பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்றில் வேண்டுமென்றே தப்பாக எழுத்துக்கூட்டிய ஒரு விளையாட்டுச் சுருக்கமாக அச்சானதுதான்.

இரண்டாம் படி: வரவேற்பும் விளிச்சொல்லும்

முதல் நாள் காலையில் சந்திக்கிற எல்லோரும் "யூ ஆல்ரைட்?" என்பார்கள். நம் முகம் வாடியிருக்கிறதோ, அதனால்தான் நலமா என்று கேட்கிறார்களோ என்று தோன்றும். அப்படி ஒன்றுமில்லை. நம்மூரில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பவர் பதிலுக்குச் சோற்றுக் கணக்கை எதிர்பார்ப்பதில்லை அல்லவா, அதுபோலத்தான். "யா, யூ?" என்று சொல்லிவிட்டு நடக்கலாம்.

'சியர்ஸ்' என்பது கோப்பையைத் தூக்கும்போது மட்டும் சொல்வதல்ல. நன்றி என்பதற்கும், போய் வருகிறேன் என்பதற்கும் அதுவேதான். 'டா' என்று நீட்டிச் சொன்னாலும் நன்றிதான். நம் காதுக்கு மரியாதைக் குறைவாகப் படும்; முதல் வாரம் யாராவது உங்களை டா போட்டால் வருத்தப்பட வேண்டாம்.

விளிச்சொற்கள் ஊருக்கு ஊர் மாறும். நாட்டிங்ஹம், டார்பி, ஸ்டோக் பக்கம் 'டக்'. வாத்து என்று நேர்ப்பொருள் பார்க்காதீர்கள். "ஏ அப் மீ டக்" என்று பேருந்து ஓட்டுநர் சொன்னால், மதுரைப் பக்கம் ஒரு பாட்டி "வா தாயி" என்பதற்கு எவ்வளவு வாஞ்சையோ அவ்வளவு வாஞ்சை. ஆண், பெண் இருவரையும் அப்படிக் கூப்பிடுவார்கள். நியூகாசிலில் 'பெட்', கிளாஸ்கோவில் பெண்களை 'ஹென்', பல இடங்களில் 'லவ்', ஆண்களுக்குள் 'மேட்'. முன்பின் தெரியாத ஆண் 'லவ்' என்று கூப்பிட்டால் நம் பெண்கள் திடுக்கிடுவார்கள், நானும் திடுக்கிட்டேன். இங்கே அது 'கண்ணு' என்பதற்குச் சமம்தான். குரலும் பார்வையும் சரியில்லை என்று தோன்றினால் மட்டும், எந்தச் சொல்லாக இருந்தாலும், வார்டு சிஸ்டரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.

ஆனால் நோயாளியை நீங்கள் முதலில் 'டக்' என்றோ 'லவ்' என்றோ கூப்பிட வேண்டாம். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு, அதையே சொல்லுங்கள். வயதில் மூத்தவர்களில் சிலர் 'மிஸஸ்' போட்டுக் கூப்பிடுவதைத்தான் விரும்புவார்கள்.

மூன்றாம் படி: உடம்பைப் பற்றிய சொற்கள்

மற்ற எதையும் விட்டாலும் இதை விடாதீர்கள். ஒரு சின்ன நோட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

'பூர்லி' என்றால் உடம்பு சரியில்லை. குழந்தைக்கு லேசான காய்ச்சல் என்றாலும் பூர்லிதான். ஆனால் வார்டில் டாக்டர் ஒருவர் குடும்பத்தாரிடம் "ஹீ இஸ் வெரி பூர்லி" என்று மெதுவாகச் சொன்னால் நிலைமை மோசம், உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று அர்த்தம். ஒரே சொல், இரண்டு எடை. எங்கே, யார், எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்பதைப் பாருங்கள். 'ரஃப்', 'அண்டர் தி வெதர்', 'ஆஃப் கலர்' மூன்றும் உடம்பு சரியில்லை என்பதற்கான பொதுச் சொற்கள். 'பீக்கி' என்றால் முகம் வெளுத்துச் சோர்ந்திருப்பது. 'கேம் ஓவர் ஆல் ஃபன்னி' என்பது நான் மேலே சொன்ன ஃபன்னி டர்னின் தங்கை. இரண்டில் எதைக் கேட்டாலும் நின்று, நாடியும் ரத்த அழுத்தமும் பாருங்கள், எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, பேச்சு குழறியதா, கை கால் தளர்ந்ததா என்று கேளுங்கள்.

'டிக்கர்' என்றால் இதயம், கடிகாரம் டிக் டிக் என்று அடிப்பதால் வந்தது. 'டிக்கி' என்றால் பழுதானது, நம்ப முடியாதது. ஆக 'டிக்கி டிக்கர்' என்றால் பலவீனமான இதயம். 'டிக்கி டம்மி' வயிற்றுக் கோளாறு. 'கேமி லெக்' சரியாக ஊன்ற முடியாத கால். "ஐ'வ் டன் மை பேக் இன்" என்பதில் செய்ததாக எதுவும் இல்லை, முதுகு பிடித்துக்கொண்டது என்கிறார்.

'வாட்டர்வர்க்ஸ்' என்றால் நகராட்சிக் குடிநீர் நிலையம் இல்லை, சிறுநீர்ப் பாதை. "எனி ட்ரபிள் வித் யுவர் வாட்டர்வர்க்ஸ்?" என்று டாக்டரே கேட்பார். 'தி ரன்ஸ்', 'தி ட்ராட்ஸ்' இரண்டும் வயிற்றுப்போக்கு. 'பங்ட் அப்' என்றால் அடைத்துக்கொண்டது. மூக்கா, மலமா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "ஹேவ் யூ பீன்?" என்று வெறுமனே கேட்டால் மலம் கழித்தாயிற்றா என்று கேட்கிறார்கள். 'டவுன் பிலோ' என்று தயங்கிச் சொன்னால் பிறப்புறுப்புப் பகுதி. திரையை இழுத்து மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தி அடுத்த கேள்வியைக் கேளுங்கள். நம் ஊர் அம்மாக்கள் "அந்த இடத்துல" என்று நிறுத்திக்கொள்வார்களே, அதே கூச்சம்தான்.

களைப்புக்கு 'நாக்கர்ட்' என்பார்கள். வேலைக்கு உதவாத கிழட்டுக் குதிரைகளை வாங்கி வெட்டுபவரை 'நாக்கர்' என்பது வழக்கம். அடிமாட்டுக்குப் போகிற அளவு ஓய்ந்துவிட்டேன் என்று பொருள். சற்றுக் கரடுமுரடான சொல், அதனால் நீங்கள் சொல்ல வேண்டுமானால் 'ஷாட்டர்ட்' என்பது பாதுகாப்பு.

ஸ்லாங் இல்லாவிட்டாலும் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் பழைய தலைமுறை வலியைக் குறைத்துத்தான் சொல்லும். "நாட் டூ பேட்", "எ பிட் சோர்", "டோன்ட் வாண்ட் டு பி எ பாதர்" (உங்களுக்குத் தொந்தரவு கொடுக்க விரும்பவில்லை) என்று சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். நம்மூர் நோயாளி வலியை வாய்விட்டுச் சொல்லிவிடுவார், அதனால் நம் காது சத்தத்துக்குப் பழகியிருக்கிறது. இங்கே சத்தம் வராது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்று எண்ணாகக் கேளுங்கள், முகத்தையும் பாருங்கள்.

நான்காம் படி: வார்டின் மென்மைச் சொற்கள்

இரண்டு சொல்தான், ஆனால் இவை வாய்க்கு வந்துவிட்டால் நோயாளிகள் உங்களிடம் சட்டென்று ஒட்டிக்கொள்வார்கள்.

முதலாவது 'பாப்'. அகராதி வெடிப்பது என்று சொல்லும். வார்டில் "பாப் யுவர்செல்ஃப் ஆன் தி பெட்", "பாப் யுவர் ஸ்லீவ் அப்", "ஐ'ல் ஜஸ்ட் பாப் அவுட்" என்று நாள் முழுவதும் கேட்கும். இது 'கொஞ்சம்' என்று நாம் போடுவோமே, அதன் வேலையைச் செய்கிறது. "கொஞ்சம் உட்காருங்க", "கொஞ்சம் கையை நீட்டுங்க" என்பதில் 'கொஞ்சம்' அளவைக் குறிப்பதில்லை, கட்டளையின் கூர்மையை மழுக்குகிறது. நம்மவர்கள் ஆங்கிலத்தில் "சிட்", "லை டவுன்" என்று சொல்லும்போது அதட்டுவதாக இங்கே புகார் வருவதுண்டு. நாம் அதட்டவில்லை. தமிழில் '-ங்க' என்ற விகுதி சுமந்த மரியாதையை ஆங்கிலத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டுவிடுகிறோம். 'பாப்', 'ஃபார் மீ', 'ப்ளீஸ்' மூன்றும் அந்த '-ங்க'வின் இடத்தை நிரப்பும்: "பாப் யுவர் ஆர்ம் அவுட் ஃபார் மீ, ப்ளீஸ்."

இரண்டாவது 'ப்லெஸ்'. "ஓ, ப்லெஸ் ஹர்" என்றால் ஆசீர்வாதம் இல்லை, "பாவம், அச்சோ" என்ற பரிவு.

ஐந்தாம் படி: பணம், நேரம், சாப்பாடு

இது எளிது. ஒரு பவுண்டு 'க்விட்'. இருபது பவுண்டும் 'ட்வென்ட்டி க்விட்'தான், பன்மை கிடையாது. ஐந்து 'ஃபைவர்', பத்து 'டென்னர்', ஆயிரம் 'க்ராண்ட்'. கையில் காசில்லாதவன் 'ஸ்கின்ட்'. வயதானவர்கள் 'பாப்' என்று காசைச் சொன்னால் அது 1971-இல் பணமுறை மாறுவதற்கு முன் இருந்த ஷில்லிங். மேலே சொன்ன பாப் வேறு, ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு.

'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை. தமிழர்களுக்கு இது சிரமமே இல்லை, மற்ற நாட்டு நர்ஸ்கள்தான் ஆறரையா என்று குழம்புவார்கள்.

இங்கே பலருக்கு 'டின்னர்' என்றால் மதியச் சாப்பாடு, 'டீ' என்றால் மாலைச் சாப்பாடு. சக ஊழியர் "கம் ரவுண்ட் ஃபார் யுவர் டீ" என்று அழைத்தால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், அவர் சமைத்து வைத்திருப்பார். குடிக்கும் தேநீர் 'கப்பா' அல்லது 'ப்ரூ'. எங்கள் பகுதியில் தேநீர் போடுவதை 'மாஷ்' என்பார்கள். வட்ட ரொட்டிக்கு எங்கள் ஊரில் 'காப்', மான்செஸ்டரில் 'பார்ம்', கவன்ட்ரியில் 'பேட்ச்'. இதெல்லாம் ஸ்லாங் இல்லை, வட்டார வழக்கு என்று மொழியியலார் பிரிப்பார்கள். பசியோடு கடையில் நிற்பவருக்கு அந்தப் பிரிவு தேவையில்லை. எங்கள் பகுதிக்கு வருகிறவர்கள் இன்னும் இரண்டு தெரிந்துகொள்ளுங்கள்: 'மார்டி' என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பவர், 'நெஷ்' என்றால் குளிர் தாங்காதவர். முதல் குளிர்காலத்தில் இரண்டாவது பட்டம் உங்களுக்கு நிச்சயம். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் "இட்ஸ் ப்ளாக் ஓவர் பில்ஸ் மதர்ஸ்" என்பார்கள், பில்லின் அம்மா வீட்டுப் பக்கம் கறுத்திருக்கிறதாம். எந்த பில் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொற்றொடர் இதுதான்.

ஆறாம் படி: ரைமிங் ஸ்லாங் எப்படி வேலை செய்கிறது

லண்டனின் கிழக்குப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவிய விளையாட்டு இது. சந்தை வியாபாரிகளும் தெருவோரத் தொழிலாளர்களும் வளர்த்தது. சீப்சைடில் இருக்கும் செயின்ட் மேரி லெ போ தேவாலய மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்தவர்தான் அசல் காக்னி, அதாவது அசல் கிழக்கு லண்டன்காரர் என்பது பழைய பேச்சு.

சூத்திரம் இப்படி. சொல்ல வேண்டிய சொல்லுக்கு எதுகை ஒத்த இரண்டு சொல் தொடர் ஒன்றைப் பிடிப்பார்கள். 'ஸ்டேர்ஸ்' என்ற படிக்கட்டுக்கு 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்'. 'ஃபோன்' என்பதற்கு 'டாக் அண்ட் போன்'. இதுவரை ஊகிக்க முடியும். அடுத்துதான் பூட்டு: எதுகை இருக்கும் இரண்டாம் பாதியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். பார்வைக்கு 'லுக்', அதற்கு எதுகை 'புட்சர்ஸ் ஹூக்', கடைசியில் மிஞ்சுவது 'புட்சர்ஸ்' மட்டும். "லெட்ஸ் ஹேவ் எ புட்சர்ஸ்" என்றால் கொஞ்சம் பார்ப்போம் என்று பொருள், கசாப்புக் கடைக்கு வேலையே இல்லை. அந்தாதியில் கடைசிச் சொல்லைப் பிடித்து ஏறுவோம், இங்கே கடைசிச் சொல்லை விட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

முழுவதும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. லண்டனில் வேலை என்றால், உடம்போடு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: தலைக்கு 'லோஃப்', முகத்துக்கு 'போட்', கண்களுக்கு 'மின்ஸ் பைஸ்', பாதங்களுக்கு 'ப்ளேட்ஸ்', பற்களுக்கு 'ஹாம்ப்ஸ்டெட்ஸ்', மூலநோய்க்கு 'ஃபார்மர்ஸ்'. "மை ஃபார்மர்ஸ் ஆர் கில்லிங் மீ" என்று ஒருவர் நெளிந்தால் விவசாயிகளைத் தேடாதீர்கள். லண்டனுக்கு வெளியிலும் பொய்களுக்கு 'போர்க்கீஸ்' என்பதும், புத்தியைப் பயன்படுத்து என்பதற்கு "யூஸ் யுவர் லோஃப்" என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

'ரூபி' என்றால் கறி, நம் குழம்பு வகையறா. பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த பாடகி ரூபி மர்ரியின் ஐந்து பாடல்கள் 1955-இல் ஒரே வாரத்தில் முதல் இருபதுக்குள் இருந்தன; அவர் பெயர் 'கறி'க்கு எதுகையாக அமைந்துவிட்டது. இன்றும் "கோயிங் ஃபார் எ ரூபி" என்றால் இந்திய, வங்கதேச உணவகத்துக்குக் கிளம்புகிறார்கள்.

ஏழாம் படி: நம் நாட்டிலிருந்து போன சொற்களை அடையாளம் காணுங்கள்

இந்தப் படி வேலைக்கு அவ்வளவு அவசியமில்லை, மனதுக்கு அவசியம். வயதான நோயாளி ஒருவர் "தட்ஸ் பக்கா" என்றபோது எனக்கு ஒரு நொடி மதுரை வந்துபோனது. நாம் "பக்காவா இருக்கு" என்பதும் அவர் சொன்னதும் ஒரே சொல், இருவருமே இந்தி, உருதுவிலிருந்து எடுத்துக்கொண்டது. சொகுசான வேலைக்கு 'குஷி' போல ஒலிக்கும் 'குஷீ' என்பார்கள், அதுவும் அங்கிருந்து போனதுதான். ஒரு பார்வை பார்ப்பதற்கு 'டெக்கோ', அதாவது 'தேக்கோ'. படைவீரர்கள் தாய்நாட்டை 'ப்ளைட்டி' என்றது 'விலாயதி' என்பதன் திரிபு.

'டூலாலி' என்றால் மனம் பேதலித்தவர். நாசிக் அருகே தேவ்லாலியில் பிரிட்டிஷ் படைமுகாம் இருந்தது. ஊர் திரும்பக் கப்பலுக்காக வீரர்கள் அங்கே மாதக்கணக்கில் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். அந்த ஊர்ப் பெயர்தான் டூலாலி ஆனது. மறதி நோய் வந்த கணவரைப் பற்றி மனைவி "ஹீ'ஸ் கான் எ பிட் டூலாலி" என்று சொல்லலாம். நீங்கள் 'கன்ஃப்யூஸ்ட்' என்று மட்டும் சொல்லுங்கள்.

எட்டாம் படி: இளைஞர் பேச்சு

1948 ஜூன் 22-ஆம் தேதி 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் டில்பரி துறைமுகத்துக்குக் கரீபியன் மக்களோடு வந்தது. அதன்பின் வந்து குடியேறிய ஜமைக்கர்கள், மேற்கு ஆப்பிரிக்கர்கள், தெற்காசியர்கள், ஏற்கெனவே இருந்த காக்னிகள் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே பள்ளி மைதானத்தில் வளர்ந்தபோது புதியதொரு லண்டன் பேச்சு உருவானது. மொழியியலார் அதைப் 'பன்பண்பாட்டு லண்டன் ஆங்கிலம்' என்கிறார்கள். ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பகுதிகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் வாயிலும் இப்போது இதுதான்.

'வாக்வான்' என்றால் என்ன சங்கதி. 'ப்ரவ்', 'ஃபாம்' இரண்டும் நம் 'மச்சி', 'பங்காளி'. 'எண்ட்ஸ்' சொந்தப் பேட்டை. 'பெங்' அழகு. 'பேர்' என்றால் நிறைய: "பேர் பீப்பிள்" என்றால் எக்கச்சக்கமான ஆட்கள். 'பீக்' என்றால் உச்சம் என்று நினைப்போம், இங்கே மோசமான நிலை. 'அலவ் இட்' என்றால் அனுமதி கொடு என்பதல்ல, விட்டுத்தள்ளு. 'சிக்' என்றால் பிரமாதம். விபத்துப் பிரிவில் ஒரு பையன் "ஐ ஃபீல் சிக்" என்றால் வாந்தி வருகிறது, "தட்ஸ் சிக்" என்றால் பாராட்டு. பொருளைத் தலைகீழாக்குவது நமக்கும் பழக்கம்தானே. "கொன்னுட்டான்" என்று நாம் கைதட்டும்போது யாரும் சாவதில்லை.

'இன்னிட்' பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் 'டோன்ட் யூ', 'வோன்ட் தே', 'ஹேஸன்ட் ஷீ' என்று வால் மாறும். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்லையா'. பழக்கத்தில் நாம் எல்லா இடத்திலும் 'இஸன்ட் இட்' போட்டு ஆசிரியரிடம் திட்டு வாங்கியிருப்போம். லண்டன் பிள்ளைகள் 'இன்னிட்'டை எங்கும் ஒட்டுவது அதே முறையில்தான். இளைஞர் சொற்களை நீங்கள் கற்றுப் பேச வேண்டாம், ஆறு மாதத்தில் பழசாகிவிடும். 2023-இல் ஆக்ஸ்ஃபோர்ட் 'ரிஸ்' என்பதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது, பிறரைக் கவரும் வசீகரம் என்று பொருள். அதற்குள் அதைச் சொல்ல வெட்கப்படும் பிள்ளைகளைப் பார்க்கிறேன்.

ஒன்பதாம் படி: வாயிலிருந்து வரக் கூடாதவை

ஒரே சொல் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 'ஃபாக்' பேச்சு வழக்கில் சிகரெட், அமெரிக்காவில் தன்பாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் வசை. 'பிஸ்ட்' இங்கே குடிபோதை, அங்கே கோபம். 'பேண்ட்ஸ்' அங்கே கால்சட்டை, இங்கே உள்ளாடை. சீருடை பற்றிக் கேட்கும்போது 'ட்ரவுசர்ஸ்' என்றே சொல்லுங்கள். அமெரிக்கத் தொடர்களைப் பார்த்து ஆங்கிலம் வளர்த்தவர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். 'ப்ளடி' எல்லோரும் சொல்வதாகத் தோன்றும். சொல்லட்டும். நமக்கு அதன் சூடு எவ்வளவு என்று அளக்கத் தெரியாதவரை சீருடையில் இருக்கும்போது வேண்டாம். இனத்தையும் நிறத்தையும் குறிக்கும் எந்த ஸ்லாங்கும், யார் சிரித்துக்கொண்டே சொன்னாலும், திருப்பிச் சொல்லாதீர்கள். உங்களை நோக்கி வந்தால் எழுத்தில் புகார் செய்யுங்கள்.

சரி, அந்தப் பத்து எவை? நான் புதியவர்களுக்கு எழுதிக் கொடுப்பது இது: சியர்ஸ், யூ ஆல்ரைட், பாப், லவ்லி, நோ வொரிஸ், கப்பா, லூ (கழிப்பறை), ஜாப் (ஊசி), பூர்லி, டரா. கடைசிச் சொல் மிட்லண்ட்ஸ், வடக்குப் பகுதிகளில் போய் வருகிறேன் என்பதற்கு. அந்தத் தாத்தா வீட்டுக்குப் போகும் நாளில் "டரா, டக்" என்று கையசைத்தார். நான் முதல்முதலாக வாய் திறந்து சொன்ன ஸ்லாங் அதுதான்.

பத்தாம் படி: கேட்பதும் எழுதுவதும்

புரியவில்லை என்றால் தலையாட்டாதீர்கள். நம் தலையாட்டலை அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொள்வார்கள். "சாரி, வாட் டூ யூ மீன் பை தட்?" என்று கேட்டால் இங்கே யாரும் தரக்குறைவாக நினைப்பதில்லை, பெரும்பாலும் சந்தோஷமாகவே விளக்குவார்கள். அதைவிடச் சிறந்த வழி, புரிந்ததைத் திருப்பிச் சொல்வது: "சோ யூ ஃபெல்ட் டிஸி வென் யூ ஸ்டுட் அப், இஸ் தட் ரைட்?" தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள்.

இரவு வீட்டுக்குப் போய் நோட்டைத் திறந்து அன்றைய சொற்களைப் பாருங்கள். ஜோனதன் கிரீன் தொகுத்த ஸ்லாங் அகராதி இணையத்தில் இருக்கிறது, ஒவ்வொரு சொல்லும் எப்போது, எங்கே எழுத்தில் வந்தது என்று காட்டும். அர்பன் டிக்ஷனரி புதுச் சொற்களுக்கு உதவும், ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் ஆபாசமும் கற்பனையும் கலந்திருக்கும். அங்கே கண்டதைச் சக ஊழியர் ஒருவரிடம் சரிபார்க்காமல் நம்பாதீர்கள்.

நோயாளிக் குறிப்பேட்டில் ஸ்லாங்கைத் தனியாக விடாதீர்கள், மொழிபெயர்த்து மட்டும் எழுதவும் வேண்டாம். அவர் சொன்ன சொல்லை மேற்கோள் குறிக்குள் அப்படியே போட்டு, கேட்டுத் தெரிந்துகொண்டதையும் பார்த்ததையும் பக்கத்தில் எழுதுங்கள். அன்று நான் எழுதியிருக்க வேண்டிய குறிப்பு இது: காலை 7.40. 'ஃபன்னி டர்ன்' வந்ததாகச் சொன்னார். படுக்கையிலிருந்து எழுந்து நின்றபோது தலைசுற்றல், சில நிமிடம். விழவில்லை. பேச்சு தெளிவு, இரு கைகளிலும் பலம் சமம். ரத்த அழுத்தம் குறைவு. டாக்டருக்குச் சொல்லப்பட்டது.